‘வேர்’ மறந்தது, வேர்த்தது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரமாகப் பார்த்து அக்கா பையன் வந்து நின்றான். தோளில் லேப்டாப் பை. முகத்தில் கலவரம்.

“மாமா, வியாழக்கிழமை இன்டர்வியூ. எஸ்.க்யூ.எல். தெரியணுமாம். பயோடேட்டாவில ‘நன்றாகத் தெரியும்’னு போட்டுட்டேன்.”

“தெரியுமா?”

“ஸ்பெல்லிங் தெரியும்.”

பி.காம். படித்த பையன். ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய்யைப் புதன்கிழமைக்குள் நிஜமாக்கிவிடலாம் என்று நம்புகிற வயசு. அந்த வயசில் நானும் இதே வேலையைச் செய்திருக்கிறேன் என்பதால் திட்ட வாய் வரவில்லை. தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இந்த எஸ்.க்யூ.எல். உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பேர் தெரியாமலே அதை உபயோகித்துக்கொண்டிருக்கிறீர்கள். பாங்க் ஸ்டேட்மெண்ட் பார்க்கும்போதும், செல்போனில் ‘நாற்பது சைஸ், நீலம், ஐந்நூறு ரூபாய்க்குள்’ என்று சட்டை தேடும்போதும், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் சார்பில் யாரோ ஒரு எஸ்.க்யூ.எல். வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அநேகமாக.

இதற்கெல்லாம் மூல காரணம் எட்கர் ஃப்ராங்க் காட் என்கிற இங்கிலாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். கணக்குப் படித்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஸான் ஹொஸே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். அவர் காலத்தில் கம்ப்யூட்டரில் தகவல்களை மரம் மாதிரிக் கிளை கிளையாக வைத்திருந்தார்கள். ஒரு தொழிலாளியின் சம்பளம் வேண்டுமென்றால், எந்தக் கிளையில் ஏறி எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்பதைப் புரோகிராம் எழுதுகிறவர் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். ஹோட்டலுக்குப் போய் ரவா தோசை கேட்டால், “உள்ளே போங்க ஸார், இடதுபக்கம் மூணாவது பாத்திரத்துல மாவு இருக்கு” என்று சர்வர் சொல்வது போல.

1970 ஜூனில் காட் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் சாதாரண டேபிள்களாக வையுங்கள், வரிசையும் கட்டமும். ‘என்ன வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள், ‘எப்படி எடுப்பது’ என்பது மெஷினின் கவலை. இவ்வளவுதான் சாராம்சம். இதற்கு 1981-ல் ட்யூரிங் பரிசு கொடுத்தார்கள், கம்ப்யூட்டர்காரர்களின் நோபல் என்பார்களே, அது. ஆனால் காட் எழுதியது முழுக்கக் கணித பாஷை. சாதாரண மனுஷன் பார்த்தால் ஓடிவிடுவான். அதே ஐ.பி.எம்.மில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து அதை இங்கிலீஷ் வாக்கியம் மாதிரி ஆக்கி, 1974-ல் ‘ஸீக்வல்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு விமானக் கம்பெனி அந்தப் பெயர் எங்களுடையது என்று சொன்னதால் உயிரெழுத்துக்களைப் பிடுங்கிவிட்டு எஸ்.க்யூ.எல். ஆயிற்று. பாய்ஸ் அதே 1974-லேயே இறந்துபோனார், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து. அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. தான் செய்தது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்காமலே.

“ஹிஸ்டரி எல்லாம் கேக்க மாட்டாங்க மாமா” என்றான் பையன்.

சரி, பாடத்துக்கு வருவோம். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நிஜத்தில் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். தமிழில் அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.)

செலக்ட் ஈநேம் ஃப்ரம் எம்ப் வேர் டெப்ட்நோ = 30;

‘எம்ப்’ என்கிற டேபிளிலிருந்து, முப்பதாம் நம்பர் டிபார்ட்மெண்ட்காரர்களின், பெயர்களை, எடு. அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் பாதி எஸ்.க்யூ.எல். முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலீஷில் ‘எடு’ என்பது முதலில் வருகிறது. ஆனால் இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் பண்ணும் வரிசை அப்படி இல்லை. முதலில் எந்த டேபிள் என்று பார்க்க வேண்டும். அப்புறம் ‘வேர்’ வைத்து ஆட்களை வடிகட்ட வேண்டும். கடைசியில்தான் ‘எடு’. அதாவது நான் மேலே தமிழில் சொன்ன அதே வரிசை! நம் பாஷையில் வினைச்சொல் கடைசியில்தானே வரும். “ஃப்ரிட்ஜிலேர்ந்து, நேத்து வாங்கின பாலை, எடு” என்றுதான் வீட்டில் சொல்கிறோம். சேம்பர்லினும் பாய்ஸும் மயிலாப்பூரில் பிறந்திருந்தால் மாணவர்களுக்குப் பாதிக் குழப்பம் மிச்சமாகியிருக்கும். ‘சம்பளம் இன்ட்டு 12’க்கு ‘வருஷ வருமானம்’ என்று செலக்டில் செல்லப் பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரை வேரில் உபயோகித்தால் மெஷின் “அப்படி யாரும் இல்லையே” என்கிறது. ஏன்? வேர் பார்க்கும் நேரத்தில் செலக்ட் இன்னும் வரவேயில்லை. பிள்ளை பிறக்குமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இதைப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். இந்த ‘வரிசை’ விஷயத்தை நீங்களும் மனசில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன ‘எம்ப்’ டேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 90களில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்த காலத்தில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.ஸி. அறைக்குள் பயபக்தியுடன் நுழைந்து ஆரக்கிள் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். யூஸர் பெயர் ஸ்காட், பாஸ்வேர்ட் டைகர். ப்ரூஸ் ஸ்காட் என்பவர் ஆரக்கிள் கம்பெனியின் ஆரம்ப கால ஊழியர். டைகர் அவர் வீட்டுப் பூனை. ஒரு பூனையின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்துதான் இந்தியாவில் ஒரு தலைமுறையே ஸாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஆயிற்று.

உள்ளே பதினாலு பேர். பிரஸிடெண்ட் கிங்குக்கு 5,000 டாலர். குமாஸ்தா ஸ்மித்துக்கு 800. நான்கு ஸேல்ஸ்மேன்கள்: ஆலனுக்கு கமிஷன் 300, வார்டுக்கு 500, மார்ட்டினுக்கு 1,400 (சம்பளமே 1,250தான். கில்லாடி!), டர்னருக்கு 0. மற்ற பத்துப் பேருக்குக் கமிஷன் கட்டம் காலி. டிபார்ட்மெண்ட் நாலு. அதில் பாஸ்டனில் ஆபரேஷன்ஸ் என்று ஒன்று. ஒரு ஆள்கூட கிடையாது. வாடகை மட்டும் யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இரண்டு டேபிள்களைச் சேர்ப்பதற்கு ‘ஜாயின்’ என்று பெயர். எம்ப்பில் இருக்கும் டிபார்ட்மெண்ட் நம்பரும் டெப்ட்டில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் 14 இன்ட்டு 4, ஐம்பத்தாறு வரிசை வரும். ஒவ்வொருவரும் நாலு ஆபீஸிலும் வேலை பார்ப்பார்கள். பையன் அதைத்தான் முதலில் செய்தான். சரியாகச் சேர்த்த பிறகு பாஸ்டன் காணாமல் போயிற்று. “ஆளில்லாத டிபார்ட்மெண்டும் வேணும்னா ‘அவுட்டர் ஜாயின்’ போடு” என்றேன். இதை ரொம்ப நீட்ட வேண்டாம், பத்துத் தடவை அடித்தால் வந்துவிடும்.

நீட்ட வேண்டியது அந்தக் காலிக் கட்டங்களைத்தான்.

காலிக் கட்டத்துக்கு எஸ்.க்யூ.எல்.லில் ‘நல்’ என்று பெயர். தமிழில் நல் என்றால் நல்லது. இங்கே அப்படியில்லை. பூஜ்யமும் இல்லை. ‘தெரியாது’, அல்லது ‘பொருந்தாது’. டர்னரின் 0 என்பது, மனுஷன் வெயிலில் அலைந்தும் ஒன்றும் விற்கவில்லை என்று அர்த்தம். ஸ்மித்தின் நல், குமாஸ்தாவுக்கு ஏதய்யா கமிஷன் என்று அர்த்தம்.

“கமிஷன் 300 இருக்கிறவங்க எத்தனை பேர், கேளு” என்றேன். ஒருத்தர் என்று வந்தது.

“300 இல்லாதவங்க?”

“பதிமூணு” என்று வாயால் சொல்லிக்கொண்டே அடித்தான். மூன்று என்று வந்தது. முகம் மாறிவிட்டது.

“ஒண்ணும் மூணும் நாலுதானே மாமா? பாக்கிப் பத்துப் பேர் எங்கே?”

அதுதான் நல். தெரியாத ஒன்று முந்நூறுக்குச் சமமா என்றால், தெரியாது. சமமில்லையா என்றால், அதுவும் தெரியாது. ஆமாம், இல்லை, தெரியாது என்று மூன்று பதில்கள். ‘ஆமாம்’ சொன்னவர்களைத்தான் வேர் உள்ளே விடும். நல்லைப் பிடிக்க ‘ஈஸ் நல்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். சம்பளத்தையும் கமிஷனையும் கூட்டச் சொன்னால் பத்துப் பேருக்கு மொத்தமும் நல், சம்பளமே போச்சு! சராசரிக் கமிஷன் கேட்டால் 550 என்று வரும். 2,200-ஐப் பதினாலால் வகுக்காது, தெரிந்த நாலு பேரால்தான் வகுக்கும். எம்.டி.க்கு ரிப்போர்ட் கொடுக்கிற ஆபீஸ் நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு தடவை நெஞ்சைத் தொட்டுக்கொள்ளவும்.

கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு ‘நல்’ என்றே நம்பர் பிளேட் வாங்கினார். போலீஸ் கம்ப்யூட்டர் குழம்பி அபராதமே வராது என்று கணக்கு. நடந்தது நேர் எதிர். நம்பர் எழுதாமல் விட்டுப்போன அபராதச் சீட்டுக்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து குவிந்தன. 2019-ல் செய்தியில் அடிபட்டபோது 12,000 டாலரைத் தாண்டியிருந்தது.

பையன் சிரித்தான். “அடுத்து என்ன மாமா?”

அடுத்தது மாற்றுகிற கட்டளைகள். ‘இன்ஸர்ட்’ சேர்க்கும், ‘அப்டேட்’ திருத்தும், ‘டெலீட்’ நீக்கும். ஆரக்கிளில் இவை மூன்றும் பென்சிலால் எழுதுவது மாதிரி. ‘ரோல்பேக்’ என்றால் ரப்பர், எல்லாம் அழிந்து பழையபடி. ‘கமிட்’ என்றால் இங்க் பேனா. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். “என்ன மாமா?” என்றான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1997. அம்பத்தூரில் ஒரு ஃபேக்டரி. பெயர் வேண்டாம். எனக்கு ஈ.டி.பி. டிபார்ட்மெண்டில் வேலை. ஆறு மாதக் கோர்ஸ் முடித்த சூடு. ‘டேட்டாபேஸ் ஆளு’ என்று ஃபேக்டரியில் ஒரு மரியாதை. அதுவரை டைம் ஆபீஸில் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்த அட்வான்ஸ், பிடித்தம், லீவு எல்லாவற்றையும் நான்தான் ஆரக்கிளுக்குக் கொண்டுவந்தேன். ஏப்ரலிலிருந்து பேரேடு வேண்டாம் என்று மானேஜர் ஆர்டர் போட்டுவிட்டார்.

அந்தப் பேரேடுகளை முப்பத்தொரு வருஷம் எழுதியவர் ஹெட் கிளார்க். பருமனான கண்ணாடி, பாக்கெட்டில் சிவப்புக்கு ஒன்று நீலத்துக்கு ஒன்று என்று இரண்டு பேனா. ஆர்டர் வந்த நாளிலிருந்து என்னோடு அவர் அதிகம் பேசியதில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. பார்த்தால், “என்ன தம்பி, மெஷின் எப்படி இருக்கு?” என்று கேட்பார். உறவுக்காரரின் உடம்பை விசாரிப்பது மாதிரி.

அக்டோபரில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்தார்கள். 438 பேர். ஆளுக்கு ஒரு தொகை, சிலருக்குப் பழைய பாக்கியும் சேர்த்து. அவர்களில் ஒரு ஃபிட்டருக்கு துபாய் விசா வந்துவிட்டது. வாங்கிய பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு ராஜினாமாக் கொடுத்தார். அவர் பாக்கியை ஸைஃபர் ஆக்க வேண்டும். அரை நிமிஷ வேலை.

அப்டேட் அட்வான்ஸ் செட் பாலன்ஸ் = 0

என்று அடித்தேன். அடுத்த வரியில் ‘வேர் டோக்கன் = 217’ என்று போட்டு அரைப்புள்ளி வைக்க வேண்டும். ஆனால் வரி முடிந்தால் அரைப்புள்ளி, எண்டர் என்று விரல் பழகிவிட்டது. அதுவே வைத்தது. அதுவே தட்டியது.

438 ரோஸ் அப்டேட்டட்.

கடன் முழுவதும் தள்ளுபடி! தேர்தல்கூட இல்லை.

‘வேர்’ மறந்தது, வேர்த்தது. ஏ.ஸி. அறையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நிமிஷம் ‘ரோல்பேக்’ என்று ஒரே வார்த்தை அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் பயந்தவன் புத்தி எப்போதும் ஒரு படி கூடுதலாக வேலை செய்யும். எதற்கும் ஜாக்கிரதையாக இந்த டேபிளுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ரோல்பேக் பண்ணலாம் என்று தோன்றியது. ‘க்ரியேட் டேபிள்’ போட்டுக் காப்பி எடுத்தேன். எதை? 438 பூஜ்யங்களை! பத்திரமாக.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஆரக்கிளில் க்ரியேட், ட்ராப், ட்ரன்கேட் போன்ற கட்டளைகளைச் சொன்னால், அதுவரை பென்சிலில் இருந்ததை எல்லாம் அது வாயைத் திறக்காமல் கமிட் செய்துவிடும். மானுவலில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன். அப்புறம் ரோல்பேக் அடித்தேன். ‘ரோல்பேக் கம்ப்ளீட்’ என்று சந்தோஷமாகச் சொன்னது. செலக்ட் போட்டுப் பார்த்தால் மேலிருந்து கீழ் வரை ஸைஃபர்.

டேப்பில் பேக்-அப் இருந்தது, போன மாதக் கடைசி நிலவரம். அட்வான்ஸ் கொடுத்ததே இந்த மாதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன கணக்கை இன்றைக்குக் கேட்டால் சொல்லும் ‘ஃப்ளாஷ்பேக்’ வசதியெல்லாம் ஆரக்கிளில் 2001-க்கு அப்புறம்தான் வர ஆரம்பித்தது. அதிலும் ஆரம்பத்தில் இரண்டு வருஷமெல்லாம் இல்லை, சில மணி நேரம், பாக்கியம் இருந்தால் சில நாள். வவுச்சர்களைக் கேட்டால் கேஷ் செக்‌ஷன் மூலம் மானேஜருக்குத் தெரிந்துவிடும். சம்பளப் பட்டியல் ஓட்ட மூன்று நாள். வேலை பர்மனெண்ட் ஆக இன்னும் நாலு மாதம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டைம் ஆபீஸுக்குப் போனேன். ஹெட் கிளார்க் டிபன் கேரியரை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிபன் கேரியரை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். டிராயரைத் திறந்து நீளமான ஒரு கணக்கு நோட்டை எடுத்தார்.

ஏப்ரலுக்குப் பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சொந்தக் காசில் வாங்கின நோட்டு.

“கை சும்மா இருக்க மாட்டேங்குது தம்பி” என்றார்.

அவர் படிக்க, நான் அடிக்க. டோக்கன், பாக்கி. டோக்கன், பாக்கி. செக்யூரிட்டியிடம் ‘சிஸ்டம் ரிப்பேர்’ என்று சொல்லிவைத்திருந்தேன். நடுவில் ஒரு டோக்கனைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். எட்டிப் பார்த்தேன். பாக்கிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

“ஸார், இது ஸைஃபரா?”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஸைஃபர்னா ஸைஃபர்னு எழுதியிருப்பேன் தம்பி. எழுதலைன்னா எனக்குத் தெரியலைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா? காலையில ஷிஃப்டுக்கு வருவான், கேட்டுச் சொல்றேன்.”

காட் என்கிற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. நான் சென்டரில் பணம் கட்டிப் படித்தும் புரியாத நல், அன்றைக்குத்தான் புரிந்தது.

ராத்திரி பத்தரைக்கு முடிந்தது. மொத்தம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே பென்சிலில் கூட்டி வைத்திருந்தார். மெஷின் கணக்கு 180 ரூபாய் அதிகம். எனக்கு மறுபடி வேர்க்க ஆரம்பித்தது. அவர் ஒரு விநாடி யோசித்தார். “நூத்தியெண்பது ஒன்பதால வகுபடுது. எங்கேயோ ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டிருக்கே.” பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். ஏழாவது பக்கத்தில் 1,350-க்குப் பதில் 1,530 என்று அடித்திருந்தேன். கணக்குப் பிள்ளைகளின் பழைய வித்தை இது. எந்த இரண்டு அடுத்தடுத்த இலக்கங்களை இடம் மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். உங்கள் ஆபீஸில் முயன்று பாருங்கள்.

திருத்தினேன். கமிட் அடிக்குமுன் அவரைப் பார்த்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார். அடித்தேன்.

மறுநாள் காலை அந்த ஒரு காலிக் கட்டமும் நிரம்பிற்று: 600 ரூபாய். சம்பளப் பட்டியல் ஒழுங்காக ஓடியது. அடுத்த மீட்டிங்கில் மானேஜர், “கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்த வருஷம்தான் அட்வான்ஸ் பிடித்தத்தில் ஒரு புகார்கூட இல்லை” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட் கிளார்க் கடைசி வரிசையில் இருந்தார். யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

அடுத்த மார்ச்சில் விருப்ப ஓய்வு லிஸ்ட் வந்தது. டைம் ஆபீஸில் மூன்று பேர். முதல் பெயர் அவருடையது. அந்த மீட்டிங்கில் நான் வாயைத் திறந்திருந்தால் லிஸ்ட் மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசி நாளன்று அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். “வெச்சுக்க தம்பி. மெஷினுக்கு உடம்புக்கு வந்தா உதவும்.”

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இப்ப நீங்க எப்படி அடிப்பீங்க மாமா?” என்றான்.

நல்ல கேள்வி. நான் தமிழ் வரிசையில் அடிப்பேன். முதலில் ‘யாருக்கு’. ‘வேர் டோக்கன் = 217’ என்பதைத்தான் முதலில் எழுதுவேன். அதற்கு மேலே ‘செலக்ட்’ போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஒரு ஆள் வருகிறாரா? அவர்தானா? அப்புறம்தான் செலக்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் அப்டேட். ஓட்டியதும் எத்தனை வரிசை மாறிற்று என்று பார்ப்பேன். ஒன்று என்றால் கமிட். வேறு எந்த எண் வந்தாலும் ரோல்பேக், வேறு எதையும் தொடாமல்.

பையன் லேப்டாப்பில் இருந்தது மைஎஸ்க்யூஎல். (அந்த ‘மை’, ‘என்னுடைய’ அல்ல. அதை எழுதிய ஃபின்லாந்துக்காரர் விடேனியஸின் மகள் பெயர் மை.) அதில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் உடனுக்குடன் இங்க் பேனாதான். ‘ஸ்டார்ட் ட்ரான்ஸாக்‌ஷன்’ என்று சொன்னால்தான் பென்சில் கிடைக்கும். க்ரியேட், ட்ரன்கேட் எல்லாம் இதிலும் பேசாமல் கமிட் செய்துவிடும். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். வேர் இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் ஏற்றுக்கொள்ளாதே என்று ஆரம்பத்திலேயே சொல்லிவைக்க ஒரு வசதி. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர், ‘ஐ-ஆம்-எ-டம்மி’. நான் ஒரு மண்டு! சத்தியமாக அதுதான் பெயர். நான் இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன்.

புதன்கிழமை ராத்திரி வரை பையன் பூனை பெயரைச் சொல்லிக்கொண்டு பதினாலு பேரையும் மேய்த்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். டையைத் தளர்த்திவிட்டு சோபாவில் சரிந்திருந்தான்.

“என்னடா கேட்டாங்க?”

“டெலீட்டுக்கும் ட்ரன்கேட்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாங்க மாமா. ஆரக்கிள்ல டெலீட் பண்ணினா ரோல்பேக் உண்டு, ட்ரன்கேட் பண்ணினா டைம் ஆபீஸ்ல ஒரு பெரியவரைத் தேடிப் போகணும்னு சொன்னேன். அதுல ஒருத்தர் சிரிச்சார். அவரும் எங்கேயோ போயிருப்பார் போலிருக்கு.”

“ரிஸல்ட்?”

“இப்போதைக்கு நல்.”

சமையலறையிலிருந்து அக்கா குரல். “என்னது, நல்லதா? இருடா, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் எடுத்து வைக்கிறேன்!”

நாங்கள் இரண்டு பேரும் அவளைத் திருத்தவில்லை.